போகிறவரைப் போக விடுங்கள்!

இண்டர்நெட்டில் ஒரு பொருளை வாங்கினாலும் சரி, தங்குவதற்கு ஓர் அறையைப் பதிவு செய்தாலும் சரி, வெறுமனே விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, அடுத்த சில மணி நேரத்தில் நம் மொபைல் போனுக்கும் இமெயிலுக்கும் செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. "எதையோ மறந்துவிட்டீர்களே!", "உங்களுக்காக மட்டும் 10 சதவீதத் தள்ளுபடி", "இன்று இரவு 12 மணி வரைதான்" என்று வரிசையாக வரும் இந்தச் செய்திகளை யாரும் உட்கார்ந்து டைப் செய்து அனுப்புவதில்லை. நாம் என்ன செய்தால் எந்தச் செய்தி, எத்தனை மணி நேரம் கழித்துப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட மென்பொருள்தான் அனுப்புகிறது. விற்பனைத் துறையில் இதற்குக் கஸ்டமர் ஜர்னி, அதாவது வாடிக்கையாளர் பயணம் என்று பெயர்.

பயணம் என்றால் ஏறுவதற்கு ஓர் இடமும் இறங்குவதற்கு ஓர் இடமும் இருக்க வேண்டும். ஆனால், இந்தப் பயணத்தில் நம்மை ஏற்றுவதற்குப் பல வாசல்கள். இறங்குவதற்கு ஒரே ஒரு வாசல், அதுவும் கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில். கஷ்டப்பட்டு இறங்கினாலும், அடுத்த நிறுத்தத்தில் நம்மைக் கேட்காமலேயே மீண்டும் ஏற்றி விடுகிறார்கள். வெளியேறுவதும், மீண்டும் நுழைவதும் பயனாளரின் முடிவாக இருக்க வேண்டும். மென்பொருளின் முடிவாக இருக்கக் கூடாது. இதுதான் நான் இங்கு சொல்ல வருவது.

உள்ளே என்ன நடக்கிறது?

இந்த வகை மென்பொருள் எதை எடுத்துக் கொண்டாலும் நான்கு பகுதிகள் இருக்கும். முதலாவது நுழைவு. நாம் ஒரு படிவத்தை நிரப்பினாலோ, ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாலோ நம் பெயர் உள்ளே போய்விடும். இரண்டாவது காத்திருப்பு. ஒரு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள் என்று மென்பொருள் காத்திருக்கும். மூன்றாவது சோதனை. செய்தியைத் திறந்தாரா, லிங்க்கில் கிளிக் செய்தாரா, வாங்கினாரா என்று பார்த்து, அதற்கேற்ற கிளையில் நம்மை அனுப்பும். நான்காவது வெளியேற்றம்.

சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் ஜர்னி பில்டர் போன்ற பெரிய மென்பொருள்களில், ஒருவர் மீண்டும் நுழைவதற்கு மூன்று வகை செட்டிங் தரப்பட்டுள்ளது. ஒரு முறை வந்தவர் மறுபடி வரவே கூடாது. வெளியேறிய பின் மட்டும் மறுபடி வரலாம். உள்ளே இருக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் நுழையலாம். இந்த மூன்றில் எது என்று கிளிக் செய்வது ஒரு நொடி வேலை. ஆனால், அந்த ஒரு கிளிக்கில்தான் ஆயிரக்கணக்கானவர்களின் நிம்மதி அடங்கியிருக்கிறது.

இன்னொரு நுட்பமும் இங்கு உண்டு. பல மென்பொருள்களில், காத்திருப்பு முடிந்து அடுத்த படிக்கு நகரும்போதுதான் "இவர் இன்னும் உள்ளே இருக்க வேண்டுமா?" என்ற சோதனை நடக்கிறது. அந்தச் சோதனைக்குத் தேவையான விற்பனைப் பட்டியல் இரவில் ஒரு முறை மட்டுமே அப்டேட் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். காலை 10 மணிக்குப் பணம் கட்டி வாங்கியவருக்கு மாலை 4 மணிக்கு, "இன்னும் வாங்கவில்லையா?" என்று செய்தி போகும். வாங்கியவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பணம் போய்ச் சேரவில்லையோ என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்வார். மென்பொருளைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

மேகமலையில் சிக்னல் இல்லை

நான் இருப்பது சின்னமனூரில். இங்கிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவிட்டால் தேயிலைத் தோட்டங்கள், மணலாறு, ஹைவேவிஸ், மகாராஜாமெட்டு என்று ஒரு தனி உலகம். மலையில் பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது. சென்னையில் இருந்து வந்த மைத்துனர் குடும்பத்துக்காக, ஒரு டிராவல் வெப்சைட்டில் என் மொபைல் எண்ணைக் கொடுத்து, மேலே இரண்டு அறைகள் பதிவு செய்தேன். நானும் உடன் போனேன். இரண்டு நாள் கழித்துக் கீழே இறங்கி வரும்போது, சிக்னல் கிடைத்த இடத்தில் போன் விடாமல் சத்தம் போட்டது. "செக்-இன் செய்தீர்களா?", "நீங்கள் இன்னும் பதில் தரவில்லை", "உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறோம்", "கடைசி நினைவூட்டல்" என்று ஒரு டஜன் செய்திகள். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு, "மேகமலை உங்களை அழைக்கிறது" என்று வந்து கொண்டே இருந்தது. மேகமலையை வாசலில் நின்று பார்க்கிற ஊர்க்காரனுக்கு!

இதில் கவனிக்க வேண்டியது சிரிப்பை அல்ல. பதில் வராததற்கு மென்பொருள் கொடுத்த அர்த்தத்தைத்தான். பதில் இல்லை என்றால் மறந்துவிட்டார் அல்லது ஆர்வம் இல்லை என்று அது எடுத்துக் கொள்கிறது. சிக்னல் இல்லை, உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், பரீட்சை நேரம் என்று மனிதர்கள் பேசாமல் இருக்க எத்தனையோ காரணங்கள் உண்டு. மௌனத்துக்குப் பதில் இன்னொரு செய்தி என்று எழுதி வைத்தவர், இரண்டு செய்திக்குப் பதில் இல்லை என்றால் நிறுத்திவிடு என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரிக்குச் செலவு எதுவும் இல்லை.

வெளியேற்றம் ஒன்றல்ல, மூன்று

ஒருவர் வெளியேறுவதில் மூன்று வகை உண்டு. மூன்றையும் ஒன்றாகப் பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

முதல் வகை, வந்த வேலை முடிந்து போகிறவர். அறை எடுத்தார், தங்கினார், பணம் கட்டினார், கிளம்பினார். இவருக்கு நன்றி சொல்லி ரசீதைக் கொடுத்து அனுப்பினால் போதும்.

இரண்டாம் வகை, பாதியில் நின்றுவிட்டவர். இவருக்கு ஓரிரு முறை ஞாபகப்படுத்தலாம், தவறில்லை. கடைக்காரர் "என்னண்ணே, அந்தச் சட்டையை எடுத்துக்கலையா?" என்று ஒரு முறை கேட்பது போலத்தான் இது. ஆனால், அவர் தெரு முனை வரை பின்னாலேயே வந்து கேட்டால் அடுத்த முறை நாம் அந்தத் தெருவில் நடப்போமா?

மூன்றாம் வகை, "வேண்டாம்" என்று வாய் திறந்து சொன்னவர். இவரது பெயர், ஒரு பயணத்தில் இருந்து மட்டும் அல்ல, அந்த நிறுவனத்தின் எல்லா விளம்பரப் பயணங்களில் இருந்தும் விலக வேண்டும். ஆனால், பல இடங்களில் "வேண்டாம்" என்பது ஒரு பட்டியலில் மட்டும் பதிவாகிறது. "தீபாவளிச் சலுகை" பட்டியலில் இருந்து விலகியவர், "பொங்கல் சலுகை" பட்டியலில் பத்திரமாக இருக்கிறார்.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு. விளம்பரம் வேண்டாம் என்றவருக்கு ரசீதும் போகாமல் நிறுத்திவிடும் மென்பொருள் அமைப்புகள் இருக்கின்றன. எல்லாமே ஒரே பட்டியலில் இருந்து போனால் இப்படித்தான் ஆகும். அதே போல, "மறுபடி நுழையக் கூடாது" என்ற செட்டிங்கைத் தவறான இடத்தில் போட்டாலும் சிக்கல்தான். மேகமலைப் பாதையில் தென்பழனியில் வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது. இருட்டிய பின் சுற்றுலா வண்டிகளை மேலே விடுவதில்லை. ஒரு விடுதிக்காரர் இதைச் சொல்லும் செய்தியை, அறை பதிவு செய்கிறவர்களுக்குத் தானாகப் போகும்படி அமைத்து வைத்திருக்கிறார். அதில் ஒருவர் ஒரு முறைதான் நுழையலாம் என்று செட்டிங் இருக்கிறது என்று கற்பனை செய்து கொள்ளுங்கள். இரண்டாம் முறை வருகிற பழைய வாடிக்கையாளருக்கு அந்தச் செய்தி போகாது. இரவு 8 மணிக்குக் குழந்தை குட்டிகளோடு செக்போஸ்ட்டில் வந்து நிற்பார். ஆகவே, தேவையான தகவலுக்கு மறு நுழைவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். விளம்பரத்துக்கு அவராகக் கேட்டால்தான் திறக்க வேண்டும்.

இல்லாதவரின் மாத்திரை

இது வெறும் தொல்லை மட்டும்தானா, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கலாம். கம்பத்தில் இருக்கும் என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். சித்தப்பாவுக்கு இருதய மாத்திரைகளை ஒரு மருந்து வெப்சைட்டில் சித்தியின் மொபைல் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்கி வந்தோம். மாதக் கடைசியில், "உங்கள் மாத்திரைகள் தீரப் போகின்றன, இப்போதே ஆர்டர் செய்யுங்கள்" என்று மாத்திரையின் பெயரோடு செய்தி வரும். சித்தப்பா இருந்தவரை அது உண்மையிலேயே உதவியாக இருந்தது. அவர் காலமான அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. சித்தியின் மகன் அந்தச் செய்தியில் இருந்த லிங்க்கைத் தேடிப் பிடித்து நிறுத்தினான்.

நான்கு மாதம் அமைதி. பிறகு, சித்தி தனக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும் என்று அதே எண்ணில் ஆர்டர் செய்தார். மாதக் கடைசியில், சித்தப்பாவின் மாத்திரைப் பெயரோடு பழைய செய்தி மறுபடியும் வந்துவிட்டது. ஆர்டர் வந்தால் நினைவூட்டல் பயணத்தில் சேர்த்துவிடு என்ற விதி, இவர் வேண்டாம் என்று சொன்னவர் என்ற விதியைத் தாண்டிப் போய்விட்டது. "இவங்களுக்கு அவர் போனது தெரியாதாடா?" என்று சித்தி கேட்டார். அதற்கு என்னிடம் தொழில்நுட்ப விளக்கம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த லிங்க்கில் காரணம் கேட்கும் இடத்தில், "அதிகச் செய்திகள் வருகின்றன", "விலை அதிகம்" என்று நான்கைந்து வாய்ப்புகள் இருந்தன. "அவர் இப்போது இல்லை" என்று சொல்ல இடமே இல்லை. மருந்து, காப்பீடு, குழந்தைப் பேறு, கல்வி போன்றவற்றில் தானியங்கிச் செய்தி அனுப்புகிறவர்கள், இப்படி ஒரு வாசலை முதலிலேயே கட்டி வைப்பது அவசியம்.

அழித்தால் மறந்துவிடும்

இங்கு பலருக்கும் புரியாத ஒரு விஷயம் உண்டு. "என் பெயரை அடியோடு அழித்துவிடுங்கள்" என்று நாம் கேட்கிறோம். அவர்களும் அழித்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, வேறு ஓர் எக்ஸெல் பைலில் இருந்து பெயர்களை மொத்தமாக ஏற்றும்போது, நம் எண் புதிய ஆளாக உள்ளே வந்துவிடுகிறது. அழித்த மென்பொருளுக்கு நாம் வேண்டாம் என்று சொன்னதும் சேர்ந்து மறந்து போகிறது.

இதற்காகத்தான் நல்ல மென்பொருள்களில் தடைப் பட்டியல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதில் நம் பெயர், முகவரி, வாங்கிய பொருள் எதுவும் வேண்டியதில்லை. போன் எண் அல்லது இமெயில் முகவரி மட்டும் இருந்தால் போதும். அனுப்பும் முன் ஒவ்வொரு முறையும் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அழிக்கலாம். "வேண்டாம்" என்றதை மட்டும் அழிக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இதற்கான போராட்டம் புதிதல்ல. விளம்பர அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான தேசியப் பதிவேடு 2007ல் தொடங்கியது. 2011 செப்டம்பரில் டிராயின் புதிய விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. காலர் டியூன், ஜோதிடம், கிரிக்கெட் ஸ்கோர் என்று கேட்காமலேயே சேர்த்துவிட்டு பேலன்ஸை உறிஞ்சிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்காக 2013ல், பயனாளர் இரண்டு முறை உறுதி செய்தால்தான் சேர்க்க வேண்டும் என்றும், 155223 என்ற பொது எண்ணில் விலகலாம் என்றும் டிராய் உத்தரவிட்டது.

2018ல் வந்த விதிமுறைகளில் 2025 பிப்ரவரி 12 அன்று டிராய் செய்த திருத்தம் நம் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்துகிறது. விளம்பரச் செய்தியில் விலகுவதற்கான வழி கட்டாயம் இருக்க வேண்டும். விலகியவரிடம், 90 நாட்களுக்கு மறுபடியும் சம்மதம் கேட்கக் கூடாது. ஆனால், பயனாளர் தானாக விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் சேரலாம். இந்த மூன்றாவது வரிதான் முக்கியம். வெளியே போனவருக்குக் கதவு உள்பக்கம் பூட்டப்படவில்லை. சாவி அவர் கையில் இருக்கிறது.

இமெயிலில் இதே வேலையைச் சட்டத்துக்கு முன்பே கூகுளும் யாஹூவும் செய்தன. 2024 பிப்ரவரியில் இருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 செய்திகளுக்கு மேல் அனுப்புகிறவர்கள், விளம்பர இமெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும். விலகியவரை இரண்டு நாட்களுக்குள் நீக்க வேண்டும்.

2023ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ, அதைத் திரும்பப் பெறுவதும் அந்த அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் இதற்கான விதிகள் வந்தன. சம்மதம் பற்றிய பகுதிகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

இந்த அக்கறை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அமேசான் நிறுவனம் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழியை வேண்டுமென்றே சிக்கலாக வைத்திருப்பதாக, 2023 ஜூனில் அந்நாட்டின் வர்த்தக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. அந்த ரத்து செய்யும் வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர் "இலியட்" என்று வழக்கில் கூறப்பட்டது. நீண்ட டிராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. நம் ஊராக இருந்தால் குருக்ஷேத்திரம் என்று வைத்திருப்பார்கள். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உங்கள் மொபைல் போனில் இருந்து 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் "ஸ்டார்ட் 0" என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினால் எல்லா விளம்பரங்களும் தடை செய்யப்படும். நிறுத்துவதற்கு "ஸ்டார்ட்" என்று அனுப்ப வேண்டியிருப்பது வேடிக்கைதான். தடையைத் தொடங்கு என்று பொருள் கொள்ளுங்கள். வங்கி, கல்வி, சுற்றுலா என்று பிரிவு வாரியாகவும் தடை செய்யலாம்.

2. எஸ்.எம்.எஸ். அனுப்பியவர் பெயரின் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். "பி" என்றால் விளம்பரம், "எஸ்" என்றால் சேவை, "டி" என்றால் பணப் பரிவர்த்தனை, "ஜி" என்றால் அரசு. விளம்பரம் "எஸ்" என்ற முகமூடியில் வந்தால், ஏழு நாட்களுக்குள் டிராயின் டி.என்.டி. ஆப் மூலம் புகார் செய்யலாம்.

3. ஆப்பை போனில் இருந்து நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். யு.பி.ஐ. ஆட்டோபே கொடுத்திருந்தால், உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலும் பாருங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியில் இருந்து வரும் அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

4. அறிமுகமே இல்லாதவரிடம் இருந்து வரும் இமெயிலில் விலகும் லிங்க்கைக் கிளிக் செய்யாதீர்கள். அது உங்கள் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும். ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு

தேனி மாவட்டத்தில் இன்று விடுதி நடத்துபவர், திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுபவர், ஏலக்காய் விற்பவர் என்று பலரும் வாட்ஸ்ஆப் பிசினஸும் ஓர் எக்ஸெல் ஷீட்டும் வைத்துக் கொண்டு இதே வேலையைச் செய்கிறார்கள். "சீசனுக்கு நாலு பேரைக் கூப்பிட்டால்தானே வியாபாரம்?" என்று அவர்கள் கேட்பது நியாயம். பழைய வாடிக்கையாளரை நம்பித்தான் சிறு வியாபாரம் நடக்கிறது. அதனால்தான், அவரைக் களைப்படையச் செய்யக் கூடாது என்கிறேன். எக்ஸெல் ஷீட்டில் மூன்று காலம் கூடுதலாகச் சேருங்கள்: எப்போது, எப்படிச் சம்மதம் தந்தார், எப்போது, ஏன் விலகினார், தானாகத் திரும்பி வந்தாரா. மூன்றாவது காலத்தில் "ஆம்" என்று இல்லாத வரை, விலகியவர் எண்ணுக்கு விளம்பரம் போகக் கூடாது. பதிவு செய்த அறை பற்றிய தகவல், ரசீது, பாதை அடைப்பு பற்றிய எச்சரிக்கை இவற்றைத் தனிப் பட்டியலில் இருந்து அனுப்புங்கள்.

விலக முடியாதவர் என்ன செய்கிறார்? எண்ணை பிளாக் செய்கிறார். அதன் பிறகு, மழையால் மலைப் பாதை அடைபட்டிருக்கிறது என்று நீங்கள் அனுப்பும் உண்மையான எச்சரிக்கையும் அவருக்குப் போய்ச் சேராது. விளம்பரத்தில் இருந்து எளிதாக விலக முடிந்தவர், உங்கள் எண்ணைப் போனில் வைத்திருப்பார். அடுத்த கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போது, அவரே உங்களை அழைப்பார். அந்த அழைப்பை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது.